மோரியும் கதரும்

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளும் ஒரே தெருவில் ஒட்டுக் குடித்தனம் செய்யும் ஊர் ஓசூர். அந்த ஊரில் "மோரி" என்று சொன்னால் சின்னக் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். சாக்கடை என்று அர்த்தம். ஆகையால், அங்கே ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கும் என் தமையனாரின் பெண், சென்ற மார்கழியில் ஒரு நாள் காலைக் காப்பியின்போது, "சித்தப்பா! நான் இனிமேல் மோரிப் பெண்ணாக மாறிவிடப் போகிறேன்" என்று அறிவித்தபோது, என் கையிலிருந்த டம்ளர் சற்று ஆட்டங்கொடுத்ததில் வியப்பில்லை.

"ஏனம்மா அப்படி? நல்ல உத்தியோகத்தில்தானே இருக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் அறியாமைக்கு இரங்கி விஷயத்தை விளக்கினாள். ஜப்பானிய பாஷையில் மோரி என்றால் காடு. மோரிப் பெண் என்றால் காட்டுப் பெண். ஜப்பான் தேசத்து இளம் பெண்களிடையே தோன்றிய ஓர் உடைப் பாணிக்கு அதுதான் பெயர். 2006-ம் ஆண்டில், "மிக்ஸி" என்னும் இணையதளத்தில் கூடிப் பேசிய பெண்கள் சிலர் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்களாம். நம் வீட்டு மிக்ஸியில் தேங்காய்ச் சட்டினி அரைபடுகிறது. ஜப்பான் மிக்ஸியில் உடை நாகரிகம் அரைபட்டிருக்கிறது!

காட்டுப் பெண் என்றதும் மரவுரியையும் புலித்தோலையும் நினைத்துவிடக் கூடாது. தளர்ச்சியான நீண்ட அங்கி. அதன்மேல் மெல்லிய பருத்திச் சட்டை. அதற்கும் மேலே ஒரு சால்வை அல்லது கம்பளிச் சட்டை. இப்படி அடுக்கடுக்காக உடுத்துவதுதான் இந்தப் பாணி. நிறங்களோ பால் வெள்ளை, மரப்பட்டைப் பழுப்பு, பாசிப் பச்சை, உலர்ந்த இலையின் சிவப்பு. கண்ணைப் பறிக்கும் வர்ணம் எதுவும் கிடையாது. துணி புதிதாய்ப் பளபளக்கக் கூடாது. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்தது போல் இருக்க வேண்டும். உடம்பை இறுக்கக் கூடாது. அவசரப்படாமல் நடக்கத் தோதாக இருக்க வேண்டும். காட்டில் ஒரு சிறு குடிசையில் வசிக்கும் பெண், சாமான் வாங்க ஊருக்குள் வந்தால் எப்படியிருப்பாளோ, அப்படி.

இதெல்லாம் கேட்க இன்பமாகத்தான் இருந்தது. ஆனால் என் மகளுக்குச் சமமான அந்தப் பெண், பிறகு ஒரு ஜாபிதாவை எடுத்து நீட்டினாள். காட்டுப் பெண்ணாவதற்கு வாங்க வேண்டிய உருப்படிகள் ஒன்பது. எல்லாம் எங்கிருந்தோ கப்பலேறி வர வேண்டியவை. அவற்றுள் பாசி நிறப் பாவாடை ஒன்று இருந்தது. துணி என்னவென்று பார்த்தேன். பாலியெஸ்டர்! அது பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் நூல் என்பது எல்லோருக்கும் தெரியும். காட்டுப் பெண்ணுக்கு மண்ணெண்ணெய் வகையறாவில் ஒரு பாவாடை!

"உன் அலமாரியில் இப்போது இருப்பவை என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அவைகளை யார் உடுத்துவது, சித்தப்பா? எல்லாம் பழசு" என்றாள்.

மேற்படி பாணிக்குப் பழசுதானே வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இளம் பெண்களுடன் வாதாடி வென்றவர் உலகில் கிடையாது. "வா, தொரப்பள்ளி வரையில் போய் வரலாம்" என்று மட்டும் சொன்னேன்.

தொரப்பள்ளி வீடு

ஓசூருக்கு அருகில் உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, அந்த ஊர்க் கிராம முன்சீப் ஒருவரின் குமாரராகப் பிறந்தவர்தான் ஸ்ரீ ராஜாஜி. ஓசூரில் படித்து, பெங்களூரிலும் சென்னையிலும் மேற்படிப்பை முடித்து, சேலத்தில் பெரிய வக்கீலாகி, முடிவில் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரையில் வீற்றிருந்தார். அவர் பிறந்த வீட்டை அரசாங்கத்தார் நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள். டில்லி மாளிகையில் குடியிருந்த ஒருவர் பிறந்த இடமா இது என்று பார்ப்பவர்கள் திகைக்கும்படி, அவ்வளவு எளிய வீடு.

ராஜாஜியின் படம் எதைப் பார்த்தாலும் ஒரு விஷயம் மனத்தில் படும். சேலத்து வக்கீல் வேலையை உதறிய காலத்திற்குப் பிறகு, ஆசிரமவாசியாயிருந்தாலும், முதல் மந்திரியாயிருந்தாலும், கவர்னர் ஜெனரலாயிருந்தாலும், அவருடைய உடை ஒன்றுதான்: கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தோளில் ஓர் அங்கவஸ்திரம். பதவி மாறிற்று, அலமாரி மாறவில்லை.

அந்தக் கதருக்குப் பின்னால் வெறும் ஆசாரம் இருக்கவில்லை. 1925-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் திருச்செங்கோட்டுக்கு அருகேயுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்து, தம் மக்களுடன் அங்கே குடிசையில் வாழ்ந்தார். மழை பொய்த்து வயிறு காய்ந்த வட்டாரம் அது. கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சைக் கொடுத்து, அவர்கள் நூற்ற நூலை வாங்கிக் கொண்டு, கூலி கொடுத்து, அந்த நூலைத் தறியில் நெய்யச் செய்து விற்பதுதான் ஆசிரமத்தின் முக்கிய வேலை. ஆக, ஒருவர் உடுத்திய கதர் வேட்டியில் இன்னொருவர் வீட்டுக் கஞ்சி இருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1921 செப்டம்பரில், மதுரையில் காந்தியடிகள் மேற்சட்டையைத் துறந்து அரையாடை பூண்டாரே, அதற்கும் இதுவே காரணம். உடை என்பது நம் உடம்போடு முடிந்துவிடுகிற காரியம் அல்ல என்று அவர்கள் கண்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த பெண், "சித்தப்பா, கதர் தேசபக்தர்களுக்கு உரியது. மோரி ஜப்பான்காரர்களுக்கு உரியது. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?" என்றாள்.

நியாயமான கேள்வி. முடிச்சை நான் போடவில்லை. அது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது.

சாந்தோமிலிருந்து ஜப்பானுக்கு

ஜப்பானியரின் பழைய சரித்திரக் குறிப்பு ஒன்று இருக்கிறது. கி.பி. 799-ம் ஆண்டில் மிகாவா என்னும் கடற்கரைப் பிரதேசத்தில் ஒரு சிறு படகு ஒதுங்கிற்று. அதில் இருந்த அந்நிய மனிதன், தான் "தென்ஜிகு" தேசத்தைச் சேர்ந்தவன் என்று பிற்பாடு சொன்னானாம். ஜப்பானியர் இந்தியாவுக்கு வழங்கிய பெயர் தென்ஜிகு. அவனிடம் பருத்தி விதைகள் இருந்தன. அவ்விதைகளைப் பல இடங்களில் விதைத்துப் பார்த்தார்கள். அந்த முதல் சாகுபடி நிலைக்கவில்லை. பருத்தி அந்த நாட்டில் வேரூன்றப் பின்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் அந்தப் பெயர் தெரியாத மனிதனின் நினைவை மட்டும் அந்தப் பிரதேசத்தார் இன்றளவும் ஒரு கோயிலில் வைத்துப் போற்றுகிறார்கள்.

இன்னொரு சங்கதி நமக்கு இன்னும் நெருக்கமானது. சோழமண்டலக் கரையிலிருந்து போர்த்துக்கீசியரும் பிற்பாடு டச்சுக்காரரும் கோடு போட்ட பருத்தித் துணிகளை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கோடுகளில் ஜப்பானியர் மையல் கொண்டனர். பிறகு தாங்களே அவற்றைப் போல் நெய்யவும் தொடங்கினர். அந்தத் துணிக்கு அவர்கள் இட்ட பெயர் "சாந்தோமே". ஆம், நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோம்தான்! தமிழ்நாட்டுத் தறியின் கோடு, நம் ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு ஜப்பானியரின் அன்றாட உடையில் புகுந்தது.

பட்டிலோ கொடுக்கல் வாங்கல் திசை மாறிற்று. சென்ற நூற்றாண்டு பிறப்பதற்குச் சிறிது முன்பு ஜம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் பட்டுப் பண்ணை ஒன்றை அமைத்து, அதை நடத்த ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்தார். ஓசூர்ப் பக்கத்தில் இன்று மல்பெரித் தோட்டங்களைக் காண்கிறவர்கள் இதையும் நினைத்துக் கொள்ளலாம்.

இடையில் ஒரு கசப்பான காலமும் உண்டு. 1930-களில் "ஜப்பான் துணி" என்றால் தேசபக்தர்கள் முகஞ்சுளித்தார்கள். ஜப்பானிய ஆலைத் துணி மலிவு விலையில் வந்து குவிந்தது. 1933-ல் இந்திய சர்க்கார் அதன்மேல் நூற்றுக்கு எழுபத்தைந்து வீதம் வரி போட்டார்கள். ஜப்பானியர் பதிலுக்கு இந்தியப் பருத்தியைப் பகிஷ்கரித்தார்கள். 1934-ல்தான் சமரசம் ஏற்பட்டது. அன்று மலிவுத் துணியால் நம் அலமாரியை நிரப்ப வந்த அதே தேசத்திலிருந்து, இன்று "பழசை உடுத்து, மெதுவாக நட" என்னும் யோசனை வந்திருக்கிறது. துணியைத் தள்ளியவர்கள் யோசனையைத் தள்ள வேண்டியதில்லை.

நாற்பத்தெட்டுப் பழுப்பு

இந்த யோசனைக்கு அங்கே வேர் உண்டு. தோக்குகாவா ஆட்சிக் காலத்தில், சாமானிய மக்கள் பட்டும் பகட்டு வர்ணங்களும் உடுத்தக் கூடாது என்று பலமுறை சட்டம் போட்டார்கள். மிஞ்சியவை பழுப்பும் சாம்பலும் நீலமும்தான். ஜனங்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அந்தப் பழுப்பிலேயே ஆயிரம் நுட்பங்களைக் கண்டார்கள். "நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல்" என்று ஒரு வழக்கே ஜப்பானிய பாஷையில் ஏற்பட்டுவிட்டது. வடக்கே குளிர் மிகுந்த ஆவோமோரிப் பிரதேசத்தில் பருத்தி விளையாது. அங்குள்ள ஏழைகள் தெற்கிலிருந்து வந்த கந்தல்களை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஓட்டுத் தையலால் இணைத்துத் தலைமுறை தலைமுறையாக உடுத்தினார்கள். "போரோ" என்னும் அந்தக் கந்தல்களை இன்று பொருட்காட்சிச் சாலைகளில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

நிறத்தை இயற்கையிலிருந்து எடுப்பதை நாம் ஜப்பானியரிடம் கற்க வேண்டியதில்லை. புடைவைக் கடையில் நம் ஸ்திரீகள் பேசும் பாஷையைக் கேளுங்கள். மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மாந்துளிர், வாடாமல்லி. ஒரு தோட்டமே அங்கே பூத்துவிடும். நம்மிடம் குறைவது வாடின நிறங்களுக்குப் பெயர்தான். தொரப்பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் நாங்கள் இருவரும் அதற்கு முயன்றோம். அறுவடையான கேழ்வரகுத் தாளின் நிறம். கிருஷ்ணகிரிக் கருங்கல்லின் சாம்பல். புளியங்கொட்டைக் கறுஞ்சிவப்பு. கொள்ளு நிறம். யானை நிறம். யானையைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கேழ்வரகு விளையும் பருவத்தில் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூர்ப் பக்கத்து வயல்களுக்கு வருவது வழக்கம். மோரி அந்த ஊருக்குக் கற்பனைக் காடு அல்ல. கூப்பிடு தூரத்தில் இருக்கும் காடு.

"இந்த நிறங்களில் துணிக்கு எங்கே போவது?" என்று கேட்டாள் பெண்.

"எங்கும் போக வேண்டாம். வெங்காயச் சருகு இருக்கிறதா, பார்" என்றேன்.

அடுக்களையில் சாயம்

முதலில் அலமாரியைக் காலி செய்து, துணிகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். நல்ல நிலையிலிருந்தும் நிறம் மங்கியவை ஒன்று, கிழிந்தவை ஒன்று, செயற்கை நூல் துணிகள் ஒன்று. இவற்றில் செயற்கை நூல் துணி நாம் இங்கே சொல்லும் சாயத்தை ஏற்காது. அதைத் தூக்கி எறிவதும் தவறு. கிழியும் வரையில் உடுத்தித் தீர்ப்பதுதான் அதற்குச் செய்யும் தர்மம். முதல் குவியலில் உள்ள பருத்திப் புடைவை, வேட்டி, துப்பட்டா ஆகியவையே நமக்கு வேண்டியவை.

அரைக் கிலோ எடையுள்ள துணிக்கு முறை இது. சலவைச் சோடா ஒரு கைப்பிடி போட்ட நீரில் அரைமணி நேரம் கொதிக்க வைத்து, நன்றாக அலசிவிடவும். 100 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து, அதில் துணியைச் சில மணி நேரம் ஊற வைத்து, பிழிந்து, அலசாமல் வெயிலில் உலர்த்தவும். பிறகு 75 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, ஓர் இரவு அதில் ஊற விடவும். கடுக்காயும் படிகாரமும் நிறத்தைப் பருத்தியில் பிடித்து நிறுத்தும் கைகள். இவை இல்லாவிட்டால் சாயம் இரண்டு சலவையில் ஓடிவிடும். மறுநாள், கால் கிலோவுக்குக் குறையாத வெங்காயச் சருகை ஒரு மணி நேரம் காய்ச்சி வடிகட்டி, அந்த நீரில் துணியைப் போட்டுச் சிறு தீயில் இன்னும் ஒரு மணி நேரம் வைக்கவும். அடிக்கடி புரட்டாவிட்டால் திட்டுத் திட்டாகும். அந்த நீரிலேயே ஆறவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினால் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம் வரும். இதற்கென்று பழைய எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். மறுபடி அதில் சமைக்கக் கூடாது.

வெங்காயத்துக்குப் பதில் மாதுளந் தோலைப் போட்டால் மஞ்சள். கருவேலம்பட்டையைப் போட்டால் பழுப்பு. சாம்பல் நிறத்துக்கு வேறொரு தந்திரம் உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வெல்லம் கரைத்த நீரில் இரண்டு மூன்று வாரம் ஊற வைத்தால் கறுத்த இரும்பு நீர் கிடைக்கும். நம் கலம்காரிச் சித்திரக்காரர்களின் கறுப்பு இதுதான். கடுக்காய் ஏறிய துணியை, வெகுவாக நீர் கலந்த இந்த நீரில் சில நிமிஷம் நனைத்தால் போதும். கிருஷ்ணகிரிக் கருங்கல் தயார். அளவு மீறினால் இரும்பு துணியை அரித்துவிடும். மஞ்சள் பொடியை நம்ப வேண்டாம். அதன் அழகு வெயிலைக் கண்டதும் ஓடிவிடும்.

கிழிந்த குவியலுக்கு ஜப்பானிய வைத்தியம் செய்யலாம். ஓட்டையை மறைக்க முயலாமல், வேறு நிறத் துண்டை உள்ளே வைத்து, வெளியே தெரியும்படி வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட வேண்டும். பாட்டியின் வாயில் புடைவை நீண்ட பாவாடையாகும். அப்பாவின் எட்டு முழ வேட்டி தளர்ச்சியான மேற்சட்டையாகும். ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழி காலையில் மூன்று அடுக்கு உடுத்தலாம். சென்னைவாசிகள் சித்திரை மாதத்தில் அதைப் பின்பற்றி வைத்தியரிடம் போக வேண்டாம். அவர்களுக்கு ஓரடுக்கு மெல்லிய கதர் போதும்.

இத்தனைக்கும் பிறகு புதுத் துணி தேவையானால் கதர்க் கடைக்குப் போகலாம். கையால் நூற்ற நூலைக் கையால் நெய்தால்தான் கதர். ஆலை நூலைத் தறியில் நெய்தால் அது கைத்தறி. அதுவும் நல்லதே, ஆனால் வேறு. கடையில் கதர் முத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும். கதர் கசங்கும், முதல் சலவையில் சுருங்கும், கஞ்சி கேட்கும். மோரிப் பாணிக்காரர்கள் காசு கொடுத்துத் தேடும் கசங்கலும் கரடும் அதில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எது மோரி?

இதற்கெல்லாம் இவ்வளவு சிரமம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். திருப்பூர் நொய்யலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்த ஆற்றின் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டினார்கள். சாயப் பட்டறைகளின் கழிவு அதில் தேங்கி, வயலுக்குப் பாய வேண்டிய நீர் வயலைக் கெடுக்கும் நீராயிற்று. விவசாயிகள் நீதிமன்றத்தின் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளையும் சலவை ஆலைகளையும் மூடும்படி உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டுமென்னும் கட்டுப்பாடு பிறகுதான் பலமாயிற்று. ஓசூரிலும் கெலவரப்பள்ளி அணையில், மேலே நகரத்திலிருந்து வரும் கழிவு கலந்து, தென்பெண்ணை வெள்ளை நுரையாகப் பொங்குவதை அந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறார்கள். காட்டின் நிறத்தை உடுத்துவதற்காக ஓர் ஆற்றைக் கெடுத்தால், அந்த உடைக்கு ஜப்பானிய அர்த்தத்தில் மோரி என்று பெயரிடுவதைவிட, ஓசூர் அர்த்தத்தில் பெயரிடுவதே பொருத்தம்.

உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டிலுள்ள அத்தனை பேரும் இப்போது வாங்குகிற அத்தனை துணிக்கும் வெங்காயச் சருகும் கடுக்காயும் போதவே போதாது. ஆகையால் சாயத்தை மாற்றுவது பாதி மருந்துதான். குறைவாக வாங்கி, நீண்ட நாள் உடுத்துவதுதான் மற்றப் பாதி. ராஜாஜியின் மாறாத அலமாரி சொல்வதும் அதுதான்.

ஜப்பானில் உடை மாற்றத்துக்கென்று நாள் வைத்திருக்கிறார்கள். ஜூன் முதல் தேதி கோடை உடை. அக்டோபர் முதல் தேதி குளிர்கால உடை. பள்ளிச் சீருடை கூட அந்த நாளையொட்டித்தான் மாறும். பெட்டியைத் திறந்து, உள்ளதைப் பார்த்து, தைக்க வேண்டியதைத் தைத்து, அடுத்த பருவத்துக்கு எடுத்து வைப்பார்கள். நமக்கு உடை மாற்றப் பருவம் ஆடித் தள்ளுபடி ஒன்றுதான். அதில் பெட்டியைத் திறக்கிற வேலையே இல்லை, பணப்பையைத் திறக்கிற வேலைதான். ஜப்பானியரின் அக்டோபர் முதல் தேதிக்கு மறுநாள் நமக்கு என்ன நாள் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காந்தி ஜயந்தியை ஒட்டி வருஷத்துக்கு ஒரு முறையாவது அலமாரியைக் காலி செய்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், இரண்டு தேசத்து வழக்கத்தையும் ஒரே சமயத்தில் அனுசரித்ததாகும்.

என் தமையனாரின் பெண் அந்த ஜாபிதாவைக் கிழித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அவ்வளவு பூரணமாக இல்லை. ஒன்பது உருப்படிகளில் ஒன்றை, ஒரு தோல் பையை, அவள் வாங்கத்தான் வாங்கினாள். மற்ற எட்டுக்கும் பதிலாக அவளுடைய பாட்டியின் இரண்டு புடைவைகள் வெங்காயச் சருகில் வெந்து, கேழ்வரகுத் தாள் நிறத்தில் வெளிவந்தன. தொழிற்சாலையில் அவளுடைய தோழிகள், "எந்தக் கடையில் வாங்கினாய்?" என்று விசாரிக்கிறார்களாம். போன வாரம் அவளிடமிருந்து எனக்கு ஒரு சேதி வந்தது: "சித்தப்பா! உங்களிடம் பழைய எட்டு முழ வேட்டிகள் எத்தனை இருக்கின்றன?"

அதிலிருந்து என் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.